நாற்பத்திரண்டாவது புகார்

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான் டைப் அடிக்க ஆள் வைக்கிறேன் என்று நீங்கள் சொன்னபோது வேண்டாம் என்றேன். வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன், நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த பேனா அங்கங்கே மையைத் திட்டாக விடுகிறது. பரவாயில்லை, சமாளித்துக்கொள்வேன். இடது ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன். ஏதாவது கேள்வி குறிக்க வேண்டுமென்றால் உங்களுக்கு வசதியாக இருக்கும்.

மருந்து அங்கீகார அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக நான் மதிப்பீட்டாளர். ஒரு கம்பெனி புதிதாக ஒரு மருந்தை விற்க வேண்டுமென்றால், அதைப் பற்றிய காகிதமெல்லாம் பெட்டி பெட்டியாக எங்கள் மூன்றாவது மாடிக்கு வந்து இறங்கும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதைப் படிப்பதுதான் என் வேலை. பெரும்பாலானவர்கள் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் அடிக்குறிப்பு வரைக்கும் போவேன். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம், குழந்தைகளுக்கான ஒரு காய்ச்சல் மருந்தின் லேபிளில் ஒன்றரை மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி விட்டுப்போய்ப் பதினைந்து என்று இருந்ததைக் கண்டுபிடித்தேன். அதற்குள் சரக்கு லாரியில் ஏறிவிட்டிருந்தது. லாரியைத் திருப்பினார்கள். அன்றைக்கு விழுந்த பெயர்தான் ‘புள்ளி சார்’. இவர் என்றைக்கும் பெரிய புள்ளி ஆகமாட்டார், வெறும் புள்ளியாகவே ரிட்டயர் ஆவார் என்று கேன்டீனில் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த லாரி திரும்பியதால் எத்தனை குழந்தைகள் பிழைத்தன என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நடக்காமல் போன சாவுக்குப் படிவம் கிடையாது.

வீட்டில் நானும் என் தங்கையும் மட்டும்தான். எனக்கு ஐம்பத்து நாலு, அவளுக்கு நாற்பத்தாறு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் செய்துகொண்டு, ஒத்துவராமல், ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தையல் மிஷினோடும் இரண்டு பெட்டியோடும் என் வீட்டுக்கு வந்தாள். கடைத்தெருவில் இருக்கிற பெரிய துணிக்கடையின் பின்கட்டில் அவளுக்கு வேலை. வாங்கிய உடுப்பை வாங்கியவர் உடம்புக்கு ஏற்ற மாதிரி பிடித்தோ பிரித்தோ கொடுக்க வேண்டும். ஊரில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, “அதோ முப்பத்தெட்டு போறார் பாரு. நாப்பது ஆகி ரெண்டு வருஷமாச்சு, ஒத்துக்கவே மாட்டேங்கறார்” என்பாள்.

அவளும் பருமன்தான். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. தினம் காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, வருடத்துக்கு ஒரு தடவை இதய டாக்டர். மற்றபடி மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இதை இப்போதே சொல்லிவிடுவது நேர்மை என்று நினைக்கிறேன். தெரியாமல் நடந்தது என்று பிற்பாடு யாரும் எனக்காக வாதாட வேண்டியதில்லை.

இனி மாத்திரை. அது பசியை அடக்குகிற மாத்திரை. கூடவே இதயத் துடிப்பையும் கொஞ்சம் கூட்டும். ரொம்பப் பருமனானவர்களுக்கு, டாக்டர் மேற்பார்வையில், ஆஸ்பத்திரிகளில் பதினோரு வருடமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் மேல் 8 என்று பொறித்திருக்கும். கம்பெனி அதையே பாதியாக்கி, 4 என்று பொறித்து, டாக்டர் சீட்டு இல்லாமல் எந்தக் கடையிலும் விற்க அனுமதி கேட்டது. அதே மஞ்சள் நிறம், அதே அச்சு. எண் மட்டும்தான் வேறு.

நான் ஆட்சேபணைக் குறிப்பு எழுதினேன். பதினாலு பக்கம். கம்பெனி நடத்திய சோதனைகளில் இதய நோயாளி ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை என்பது முதல் விஷயம். ‘இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்பே உட்கொள்ளவும்’ என்று பெட்டியில் அச்சடித்தால் போதும் என்கிறார்கள். ஆனால் ஜனங்கள் மருத்துவரிடம் கேட்கமாட்டார்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம்தான் கேட்பார்கள் என்பதை ஆறாம் பக்கத்தில் எழுதினேன். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டால் சீக்கிரம் இளைக்கலாம் என்று நினைப்பார்கள் என்பதைப் பதினோராம் பக்கத்தில் எழுதினேன். வேறு நிறம் கொடுங்கள் என்றும் கேட்டிருந்தேன்.

அங்கீகாரம் கொடுக்கிற குழுவில் ஏழு பேர். தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர், நல்ல மனிதர். பேசத் தொடங்குவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்கு ரொம்ப நேரம் துடைத்தார்.

“புள்ளி சார், நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். உங்க பயம் நியாயமான பயம். ஆனா ஆஸ்பத்திரியில இதைப்போல ரெண்டு மடங்கு கொடுத்துட்டிருக்காங்க. இதயம் கெட்டுப்போச்சுன்னு ஒரு கேஸாவது உண்டா?”

“அங்கே இதயக்காரங்களுக்குக் கொடுக்கறதே இல்லை சார். அதனாலதான் கேஸ் இல்லை.”

“இருக்கலாம். ஆனா ‘இருக்கலாம்’னு எழுதி ஒரு மருந்தை நிறுத்த முடியாதே. ஒரு கேஸ் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு போதும், நானே கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கறேன்.”

உறுப்பினர்களில் ஒருவர், “புள்ளி சாருக்குப் பச்சைத் தண்ணியும் விஷம்தான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனி சார்பில் வந்திருந்த அம்மாள் மட்டும் மரியாதைக்காகத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஏழு கை உயர்ந்தது. எனக்கு ஓட்டு கிடையாது.

அந்தச் சிரிப்பு உங்களைப் பாதித்ததா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. அதை நான் அப்போதே மறந்துவிட்டேன். புதன்கிழமை, மூன்று இருபது மணிக்கு நடந்தது. சொன்னவர் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார், இடது கைமடிப்பில் காப்பிக் கறை.

மாத்திரை கடைக்கு வந்தது. நான் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை ஒன்று உண்டு: விற்பனைக்கு வந்த பிறகு ஜனங்களும் டாக்டர்களும் அனுப்புகிற பக்கவிளைவுப் புகார்களைப் பார்ப்பது. ஏழு மாதத்தில் நாற்பத்தொரு புகார் வந்தது, அதோடு நின்றுவிட்டது. வாய் உலர்கிறது என்று பதினெட்டு. தூக்கம் வரவில்லை என்று பன்னிரண்டு. மாத்திரை சாப்பிட்டதிலிருந்து மனைவியின் சமையல் பிடிக்கவில்லை என்று ஒருவர். போனில் விசாரித்தேன். முன்பும் பிடிக்காதாம், இப்போதுதான் சொல்லத் தைரியம் வந்ததாம். கணவர் பத்து கிலோ இளைத்து, ஒரு நாளைக்கு இரண்டு தடவை தலை சீவ ஆரம்பித்துவிட்டார், உரிய நடவடிக்கை எடுக்கவும் என்று ஒரு அம்மாள். எல்லாவற்றையும் வரிசை எண் போட்டுக் கோப்பில் சேர்த்தேன்.

இதயம் என்ற சொல் எதிலும் இல்லை. ஆஸ்பத்திரிகளுக்குக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. நேரில் போனேன். ஒரு ஆஸ்பத்திரியில் காவலாளியைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே போனால், “அப்படி யாரும் வரலையே சார்” என்றார்கள். வரவில்லை என்பது வேறு, வந்தது தெரியவில்லை என்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவர்களோடுதான் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். வெளியே எங்கேயோ ஒருவர் அந்த மாத்திரையால் செத்துக்கொண்டிருந்தார். அவர் யார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் மற்றவர்கள் எல்லோரையும் காப்பாற்றிவிடலாம்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் காலைச் சாப்பாட்டு மேஜையில் என் தங்கை அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

“அண்ணா, இந்த மாசம் மட்டும் பதினேழு பேருக்கு இடுப்பைப் பிடிச்சுக் கொடுத்திருக்கேன். எல்லாம் உங்க ஆபீஸ் மாத்திரை பண்ற வேலையாம். நானும் சாப்பிட்டுப் பாக்கட்டுமா?”

அவள் பெட்டியை எட்டிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். ஊசியில் நூல் கோக்கத் தவிர வேறு எதற்கும் கண்ணாடி போடமாட்டாள்.

“இதய நோய் இருந்தா டாக்டரைக் கேக்கணும்னு போட்டிருக்கு. அவர் எதுக்கெடுத்தாலும் வேண்டாம்பார். நீ டாக்டருக்கெல்லாம் மேலே இருக்கறவன்தானே, நீ சொல்லு.”

என் ஆறாம் பக்கம் எனக்கு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது.

“ஆபீஸ் அங்கீகாரம் கொடுத்திருக்கு” என்றேன்.

“அப்போ சாப்பிடலாம்?”

“அதான் அங்கீகாரம் கொடுத்திருக்கே.”

இதில் பொய் எதுவும் இல்லை. சாப்பிடு என்று சொன்னீர்களா என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. அவள் தண்ணீர் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து தினமும் காலை ஆறு நாற்பதுக்கு அவளை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்து நாடி பார்த்தேன். முழுதாக ஒரு நிமிடம். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது, அதில் பிழை வரும். தேதி, நேரம், துடிப்பு, எடை, மனநிலை என்று ஐந்து பத்தி போட்ட நோட்டுப் புத்தகம் உங்களிடம் இருக்கிறது. மேலட்டை பச்சை.

பதினோரு வாரம் அவள் அந்த 4 எண் மாத்திரையைத்தான் சாப்பிட்டாள். துடிப்பு எழுபத்தாறு, எழுபத்தெட்டு, எழுபத்தேழு. தாளம் தப்பவில்லை. எடை ஆறரை கிலோ குறைந்தது. தன் உடுப்பையெல்லாம் தானே பிடித்துத் தைத்துக்கொண்டாள். மாடிப்படியில் நிற்காமல் ஏறினாள். கடைக்குப் பட்டனும் ஜிப்பும் சப்ளை செய்கிற ஒருவர் உண்டு, மனைவியை இழந்தவர். பட்டன்காரர் என்றுதான் அவள் சொல்வாள். அவர் பை தூரத்தில் வரும்போதே சலசலவென்று சத்தம் கேட்குமாம். “வாரத்துக்கு மூணு தடவை வர்றார். எங்க கடையில அவ்வளவு பட்டனுக்கு வேலையே இல்லை” என்று என்னிடம் சொல்லிவிட்டு மிஷினை வேகமாக ஓட்டினாள். மனநிலை என்ற பத்தியில் ‘உற்சாகம்’ என்று எழுதினேன். தொடர்ந்து பல நாள் அதையே எழுத வேண்டியிருந்ததால் பிறகு மேற்படிக் குறி போட்டேன்.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால், தான் பயந்தது தவறோ என்று யோசித்திருப்பார். நானும் யோசித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் யோசித்தேன். அவள் மாத்திரையைத் தவறவிடுகிறாளோ என்று பாட்டிலைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. அப்போதுதான் என் தவறு புரிந்தது. நான் பதினோராம் பக்கத்தை மறந்துவிட்டிருந்தேன். அவள் பெட்டியில் போட்டிருக்கிற அளவைத் தாண்டாத ஆள், ஒன்றுக்கு மேல் எடுக்கமாட்டாள். ஆனால் வெளியே எத்தனையோ பேர் இரண்டு இரண்டாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு நான் எழுதுகிற எந்தக் குறிப்பும் முழுமையாக இருக்காது.

அலுவலகத்தில் மாதிரி அலமாரி என்று ஒன்று உண்டு. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு மருந்திலும் கொஞ்சம் அங்கே இருக்கும். சாவி என்னிடம். அந்த வாரம் வியாழக்கிழமை காலை அதிலிருந்து 8 எண் போட்ட மாத்திரை முப்பது எடுத்தேன். பதிவேட்டில் முறைப்படி எழுதினேன். எடுத்தது முப்பது, காரணம் ‘நடைமுறைப் பயன்பாட்டு ஆய்வு’, கீழே என் கையெழுத்து. அன்று மாலை அவள் பாட்டிலில் இருந்த நாலாம் எண்ணை எடுத்துவிட்டு எட்டாம் எண்ணைப் போட்டேன். நிறம் ஒன்றுதான் என்பதால் சிரமம் இல்லை. வேறு நிறம் கொடுங்கள் என்று நான் கேட்டதைக் குழு ஏற்றிருந்தால் இதைச் செய்திருக்கவே முடியாது. இதையும் நீங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

நாலாவது நாள் துடிப்பு எண்பத்தொன்பது. ஒன்பதாவது நாள் நூற்று மூன்று. பன்னிரண்டாவது நாள் முதல் தாளம் தப்பத் தொடங்கியது. இரண்டு துடிப்பு சேர்ந்து வரும், பிறகு ஒரு இடைவெளி. என் விரலுக்கடியில் அதை உணர்ந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். லாரியைத் திருப்பிய அன்று இருந்த மாதிரி இருந்தது.

“படபடன்னு இருக்கு அண்ணா. நேத்து கத்தரிக்கோலை எடுக்கவே கை நடுங்குச்சு” என்றாள்.

“எத்தனை மணிக்கு?”

“பதினொண்ணு இருக்கும். ஏன்?”

“எழுதிக்கறேன்.”

“எழுதினது போதும். டாக்டரைப் பாத்துடலாமா?”

“வியாழக்கிழமை போகலாம். அதுவரைக்கும் மாத்திரையை நிறுத்தாதே. பாதியில நிறுத்தினா எதனால வந்ததுன்னு டாக்டருக்குத் தெரியாம போயிடும்.”

“நீ கூட வருவியா?”

“வர்றேன்.”

வியாழக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தீர்களா என்று கேட்டீர்கள். வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொன்றேகால் மணிக்கு அவள் கடையில் ஒருவருடைய பேன்ட்டின் கால் உயரத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள். தரையில் மண்டியிட்டு, உதட்டில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டு. அப்படியே முன்னால் சாய்ந்தாள். கீழே விழுந்த ஊசியைத் தேடுகிறாள் என்று நினைத்து அவர் காலை அசைக்காமல் நின்றுகொண்டிருந்தாராம். கொஞ்ச நேரம் நின்றாராம். அவர் அதைச் சொல்லி என் தோளில் அழுதார். நல்லவர்.

போன் வந்தபோது நான் என் மேஜையில்தான் இருந்தேன். பையை எடுத்தேன். இழுப்பறையைத் திறந்து படிவம் ஒன்றையும் எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன். உயிரிழப்பு என்றால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினேன். வரிசை எண் நாற்பத்திரண்டு. புகார் அளிப்பவர்: குடும்பத்தினர். புகாரைப் பெறுபவர்: மதிப்பீட்டாளர். இரண்டு இடத்திலும் என் கையெழுத்துதான். அதை விளக்கி ஒரு அடிக்குறிப்பும் போட்டேன். யாரும் படிக்கவில்லை.

மருந்தின் பெயர் என்ற கட்டத்தில் பெயரை எழுதினேன். அளவு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். எழுதுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. நான் இதுவரை எந்தப் படிவத்திலும் பொய் எழுதியதில்லை.

பத்தே நாளில் குழு கூடியது. அந்தக் கட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சாவு வீட்டுக்காரனிடம் கேட்கக் கூச்சப்பட்டிருப்பார்கள். ஏழு கை உயர்ந்தது. நாடு முழுக்கக் கடைகளிலிருந்து மாத்திரையைத் திரும்பப் பெற்றார்கள். கம்பெனி அம்மாள் பேசுவதற்குக் கொண்டுவந்திருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் தலைவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்க தலைபாடா அடிச்சுக்கிட்டீங்க, நான் கேக்கலை. உங்க தங்கச்சியை நான்தான் சார் கொன்னேன்.”

நான் மறுத்துப் பேசவில்லை. அவர் சொன்னது எனக்கும் ஓரளவு சரியாகவே பட்டது. அடுத்த வாரம் அவர் ராஜினாமா செய்தார். கேன்டீனில் நான் நுழைந்தால் எழுந்து இடம் கொடுத்தார்கள். பத்திரிகையில் என் படம் வந்தது. அதில் என் பதவியைத் தப்பாகப் போட்டிருந்தார்கள், கடிதம் எழுதித் திருத்தினேன்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. தையல் மிஷினை நகர்த்தவில்லை. கூட்டிப் பெருக்கினாலும் எங்கிருந்தோ ஒரு குண்டூசி வந்து காலில் குத்துகிறது. காலை ஆறு நாற்பதுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலோரம் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வேன். இது வழக்குக்குத் தேவையில்லாத விஷயம், அடித்துவிடலாம்.

வருடக் கடைசியில் மாதிரி அலமாரியைச் சரிபார்க்க ஒரு பெண் வந்தார். ஒரு வருடம் முன்புதான் வேலைக்குச் சேர்ந்தவர்.

“சார், முப்பது எடுத்திருக்கீங்க. பதினொண்ணு திரும்ப வெச்சிருக்கீங்க. பாக்கி பத்தொன்பது?”

“செலவாயிடுச்சு.”

“எதுல சார்?”

“காரணம் எழுதியிருக்கேன் பாரும்மா.”

அவர் படித்தார். தேதியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அந்தத் தேதியிலிருந்து என் தங்கை போன நாள் வரைக்கும் விரல் விட்டு எண்ணினார். சத்தம் போடாமல் பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தார். கூர்மையான பெண். அடிக்குறிப்பு படிப்பவர். என் இடத்துக்கு அவரையே பரிந்துரைக்கிறேன். இதை என் அலுவலகத்துக்குத் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

ஆக, நான்தான் செய்தேன். அவள் இதயம் கெட்டது என்று தெரிந்து, அந்த இதயம் தாங்காது என்று தெரிந்து, மாற்றி வைத்தேன். கோபமோ பகையோ எதுவும் இல்லை. எனக்கு அவளைப் பிடிக்கும். வேறு யாரையாவது செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டுக்காரரின் தங்கையை எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நாற்பத்திரண்டாவது புகார் இனி செல்லாது, மாத்திரை மறுபடியும் கடைக்கு வரப் போகிறது என்று சொன்னீர்கள். பத்து மாதத்தில் லட்சக்கணக்கான பேர் சாப்பிட்டிருக்கிறார்கள், அதில் இதயக் கோளாறு உள்ளவர்களும் நிறைய, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கம்பெனி கொடுத்திருக்கும் அறிக்கையையும் காட்டினீர்கள். படித்தேன். நன்றாகத் தயாரித்திருக்கிறார்கள். இரண்டு எழுத்துப் பிழைகள் இருக்கின்றன, ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். நேற்று பட்டன்காரரை என்னைப் பார்க்க அனுமதித்தீர்கள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்து நீங்கள் கதவருகிலேயே நின்றீர்கள். அவர் கத்தவில்லை. பையை மடியில் வைத்து, சத்தம் வராமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேசியது தாழ்ந்த குரலில். உங்களுக்குக் கேட்டிருக்காது என்பதால் எழுதுகிறேன்.

“அஞ்சாவது வாரமே அவங்க நிறுத்திடலாம்னு இருந்தாங்க” என்றார். “வாய் கசக்குது, இளைச்சது போதும்னாங்க. நானும் நிறுத்துங்க, நீங்க எப்படி இருந்தாலும் எனக்குச் சரிதான்னேன். அப்புறமும் ஏன் நிறுத்தலைன்னு தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது என்றேன்.

“‘அண்ணன் காலையில என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் உக்கார்றார். நான் இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷத்துல இப்போதான் உக்கார்றார். மாத்திரையை நிறுத்தினா அதையும் நிறுத்திடுவார்’னாங்க.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. பிறகு எழுந்து போனார். அப்போதும் பையை அழுத்திப் பிடித்தபடியே.

இரவெல்லாம் அதை யோசித்துப் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தில் மொத்தம் தொண்ணூற்றாறு காலைகள் பதிவாகியிருக்கின்றன. அதில் எந்தக் காலையிலும் அவள் இதை என்னிடம் சொன்னதாகக் குறிப்பு இல்லை. ஆனாலும் அவர் பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. எனவே இதை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழுக்கத் தன் சொந்த விருப்பத்தின் பேரிலேயே அவள் மாத்திரையைத் தொடர்ந்திருக்கிறாள் என்பது இதனால் தெளிவாகிறது. தயவுசெய்து இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளவும்.